கீழே கொஞ்சம் இடம்

ஆற்றங்கரை நகரான விதினில் யார் செத்தாலும் அஞ்சலித் தாளுக்கு நாலு வரி எழுதித் தருகிறவன் லுட்மில். பெங்கோவின் அச்சுக்கடையில் இருபது வருட வேலை. படம், பெயர், அடியில் கவிதை. வாசற்கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று.

அவனுக்கென்று ஒரு நெடுங்கவிதையும் உண்டு. ஒன்பது வருடமாக நாற்பதாம் வரியில் நிற்கிறது. தலைநகர் சோபியாவில் ஒரு சிறு பதிப்பகம் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதை விட்டுவிட்டது.

மார்ச்சில் படகுத்துறைக் காமென் இறந்தபோது அந்த வாரத்தில் அது ஏழாவது சாவு. லுட்மிலுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. தன் கவிதை பாதியில் நின்றுபோன கடைசி இரண்டு வரிகளை எடுத்துப் போட்டுவிட்டான். யார் படிக்கப்போகிறார்கள் என்ற அசதி.

ஆறு அக்கரைக்குப் போவதில்லை
போகிறவர்களுக்காக அது

காமெனின் மனைவி நெவெனா படித்தாள். செப்டம்பரில் ஆறாம் மாதத் தாளுக்குக் கடைக்கு வந்தாள்.

"அந்த ஆறு என்ன பண்ணுதுன்னு இந்தத் தடவை போட்டுரு தம்பி. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரியிலயே வந்து நிக்கிறேன்."

லுட்மில் வேறு நாலு வரியைக் காட்டினான்.

"இது ரொட்டிக்கடை மெத்தோதிக்குப் போட்டது. எங்க தெருவுலதான் ஒட்டியிருக்கு. எங்க வீட்டுக்காரருக்குப் பழைய சட்டையா?"

"ஓடுதுன்னு போடுடா. ஆறு வேற என்ன பண்ணும்?" என்றான் பெங்கோ இயந்திரத்தடியிலிருந்து.

"சனிக்கிழமை கல்லறையில படைக்கக் கோதுமை அவிச்சு எடுத்துட்டுப் போறேன். போற வழியில வாங்கிக்கிறேன்" என்று நெவெனா போய்விட்டாள்.

நாலு நாள் இருந்தது. காத்திருக்கிறது என்று எழுதிப் பார்த்தான். முன்பு அதைப் போட்ட தபால்காரர் விதுலின் படம் கண்ணில் வந்தது. சுமக்கிறது என்றால் மருந்துக்கடைக்காரி. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன்மேல் ஏற்கெனவே ஒரு முகம் ஒட்டியிருந்தது. நெவெனாவின் தெருவைத் தவிர்த்துக் கோட்டை வழியாகச் சுற்றிப் போனான்.

சனிக்கிழமை காலை அவள் துணி மூடிய பாத்திரத்தோடு வந்தாள்.

"வரலக்கா."

"எழுதலையா, வரலையா?"

"வரல. அது என் சொந்தக் கவிதையில இருந்து எடுத்தது. உங்க வீட்டுக்காரருக்காக எழுதினதே இல்ல."

திட்டுவாள் என்று நினைத்தான். அவள் பாத்திரத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும். துறையில டிக்கெட் கிழிச்ச மனுஷன். ஆத்துப்பக்கம் திரும்பிக்கூட உக்கார மாட்டாரு. சரி, பழசையே போடு. அடியில கொஞ்சம் இடம் விடு. மீதியை வருஷத் தாளுக்கு வந்து வாங்கிக்கிறேன்."

பெங்கோ படத்தை மேலே தள்ளி, இரண்டு வரி அளவுக்கு வெள்ளையாக விட்டு அடித்தான்.

மதியம் வீட்டுக்குப் போகும்போது பேருந்து நிறுத்தத்தில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு பெண்கள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மை விழலையோ?"

"இல்லடி. எழுதறவன் இன்னும் முடிக்கலையாம். மார்ச்சுல வருதாம்."

லுட்மில் பேருந்துக்கு நிற்காமல் நடந்தான். அடுத்த கம்பத்திலும் அந்த வெள்ளை இடம் இருந்தது.