பிளசி ஊற்றிய எண்ணெய்

வேண்டுமென்றே ஊற்றினாள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். பிளசி அப்படிப்பட்ட பெண் இல்லை. வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களாம், அந்தக் கோபத்தில் புரட்டாசி விரதம் இருக்கிற மனுஷன் சாம்பாரில் மீன் பொரித்த எண்ணெயை ஊற்றிவிட்டாளாம். கடத்தூர் கடைவீதி வரைக்கும் இதைக் கொண்டுபோனது எதிர் வீட்டு ராஜாமணிதான். ஊற்றியது பிளசி கைதான், அதை யார் இல்லையென்றார்கள்? எதனால் ஊற்றினாள் என்பதையும் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற ஸ்தனிஸ்லாஸுக்கும் புஷ்பமேரிக்கும் மூத்த மகள் அவள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே மாட்யூல் மாட்யூலாக, வேலையைத் துண்டு போட்டு எழுதி வைப்பார்களாம். அதில் சில துண்டு தனியாக ஓடாது. அடுக்கி வைக்கிற துண்டென்றால், எது முன்னே எது பின்னே என்று பார்க்கிற இன்னொரு துண்டை அதன் கையில் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்க்கிறதைக் கொடுத்தால் பெயரை அடுக்கும், தேதியைப் பார்க்கிறதைக் கொடுத்தால் தேதியை அடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் எழுதுகிற பாஷையில் ஒவ்வொரு தடவையும் இதை எடு, அதில் கொடு, வருகிறதற்கு ஒரு பெயர் வை, இதிலிருக்கிற சாமானும் அதிலிருக்கிற சாமானும் ஒன்றுதான் என்று சத்தியமும் பண்ணு என்று கேட்கும். ஒரு வரி வேலைக்கு ஒரு பக்கம் முகவுரை.

பிளசிக்கு அது பொறுக்கவில்லை. மேலே ஒரு தடவை சொன்னால் போதும், அதற்குக் கீழே பொருத்தமானதை மெஷினே தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றி எழுதினாள். அவளுக்கு மேலே இருக்கிற சந்திரமோகன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. பொருந்துகிற மாதிரி இரண்டு இருந்தால் உன் ஏற்பாடு கிட்டத்தில் இருக்கிறதை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும், தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது, திங்கட்கிழமை கூட்டத்துக்குள் இந்த யோசனையை விட்டுவிடு, இல்லையென்றால் உன்னை வேறு வேலையில் போட்டுவிடுவேன் என்றார். பழைய பழக்கத்தை விடமாட்டாமல் பேசுகிறார் என்று இவள் முறுக்கிக்கொண்டு லீவு போட்டு ஊருக்கு வந்தாள். துரத்தின கதை இவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பெரியப்பா மகன் ஆரோக்கிய பிரவீனின் புது வீடு மந்திரிப்பு, பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கிற விசேஷம். ஒரு பக்கம் மட்டனும் மீனும். விரதக்காரர்களுக்குத் தனி அடுப்பில் சாம்பார். கை குறைகிறதென்று பிளசியும் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் கடலை எண்ணெய் என்று ஸ்தனிஸ்லாஸ் விடியற்காலையில் ஒரே தடவைதான் சொன்னார். அப்புறம் எண்ணெய் என்றால் போதும், ஒருவரும் எந்த எண்ணெய் என்று கேட்கவில்லை. பிளசிக்குப் பார்க்கப் பார்க்க அப்படியொரு சந்தோஷம். நான் சொல்கிறதும் இதைத்தானே, சார் இங்கே வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் மீன் பொரித்து மிஞ்சின எண்ணெயும் கடலை எண்ணெய் டின் மாதிரியே ஒரு டின்னில் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. சாம்பாரைத் தாளி, எண்ணெய் ஊற்று என்றார் அப்பா. கைக்கு எட்டினதை எடுத்து ஊற்றினாள். பந்தல் முழுக்க மீன் வாசனை, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாமம் போட்டுக்கொண்டு வந்த பக்கத்து நிலத்துக்காரர் தீர்த்தகிரி, சோற்றைப் பிசைந்து வாய்க்கிட்டே கொண்டுபோய், அப்படியே வைத்துவிட்டு எழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்தனிஸ்லாஸ் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மகளைப் பார்த்தார். "ரெண்டு டின்னு நிக்குதில்ல, எதுப்பான்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

சந்திரமோகன் சார் சொன்ன தப்பு கவிழ்த்த அண்டாவாகப் பிளசியின் கண்முன்னால் கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் நேராகத் தீர்த்தகிரி வீட்டுக்குப் போனாள். ஊற்றினது தன் கைதான் என்றாள், வேண்டுமென்றே செய்யவில்லை என்றாள். அவர் சிரித்துவிட்டார். "பெருமாளே மீனா வந்தவருதான கண்ணு. என்மேலயா கோவிச்சுக்கப் போறாரு?" இலையை விட்டு எழுந்தவரே சிரித்துவிட்டார், ராஜாமணிக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று பொருந்தினால் மெஷின் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு பொருந்தினால் அங்கேயே நின்று, எது என்று கேட்க வேண்டியது. எழுதுகிறவர் இன்னதென்று பெயர் சொன்னால்தான் மேலே நகரும். சாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் வந்து சொல், அதில் யாராவது ஒரு ஓட்டை கண்டுபிடித்தாலும் அதோடு முடிந்தது என்றார்.

இருக்கிற வேலையும் போய்விட்டால் ராஜாமணி சொன்னது நிஜமாகிவிடுமே என்பது புஷ்பமேரியின் கவலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு மகள் பையை மாட்டும்போதும் விடவில்லை. உன் சார் பெரியவர், சொன்னால் கேட்டுவிட்டுப் போயேன் என்றாள்.

"தப்பிருக்குன்னு அவரு சொன்னது சரிம்மா. விட்டுடுன்னு சொன்னாரு பாரு, அதுதான் சரியில்ல."

வாசற்படியில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி கறுப்புச் செருப்பு. தங்கை அமுதாவும் அவளும் தர்மபுரியில் ஒரே கடையில் வாங்கினது. மற்ற நாளென்றால் கால் பட்டதை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். அன்றைக்கு நின்றாள்.

"இதுல எதும்மா என்னுது?"

புஷ்பமேரி இடது பக்கத்து ஜோடியைக் காட்டினாள். பிளசி அதைப் போட்டுக்கொண்டு, எதிர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பஸ்ஸுக்கு நடந்தாள்.