இறங்காத சூடு

கல்யாணமாகி நான்காவது வருஷம் அது. திருத்தணியில் குழந்தைக்காக எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்.

"காலையில கண்ணு முழிச்சதும், எழுந்திருக்காம, தண்ணிகூட குடிக்காம, நாக்குக்கு அடியில தெர்மாமீட்டர் வெச்சிப் பாருங்க. தினமும் ஒரே நேரத்துக்கு. கருமுட்டை வெளிய வந்தப்புறம் சூடு கொஞ்சம் ஏறும். பீரியட்ஸ் வர்ற வரைக்கும் நிக்கும், அப்புறம் எறங்கிடும். மூணு மாசம் எழுதினாத்தான் உங்க உடம்பு பிடிபடும்."

முதல் மாதம் எல்லாம் கோணல். பால் பாக்கெட் எடுக்க எழுந்துவிட்டு வந்து வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் சளிக்காய்ச்சல் வேறு. அடுத்த மாதங்களில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. தொண்ணூற்றேழரைக்குக் கீழே நிற்கும் சூடு, பாதி மாதத்தில் தொண்ணூற்றெட்டைத் தொடும். பதின்மூன்று நாள் நிற்கும். சடாரென்று இறங்கும் அன்றைக்கே ரத்தம் பட்டுவிடும்.

நான்காவது மாதம், சூடு ஏறிப் பதினான்காம் நாளும் இறங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பதினாறாம் நாள் கறுப்பாகக் கொஞ்சம் பட்டது. நான் பூஜை அலமாரிப் பக்கம் போகாததைப் பார்த்து மாமியார் கேட்டார்.

"வந்துட்டுதா?"

"ஆங், அத்தை."

"வுடு. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி வேண்டிக்கலாம்."

ஆனால் மறுநாள் காலையிலும் சூடு இறங்கவில்லை. தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று, அரக்கோணம் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் வாயில் வைத்துப் பார்த்தேன். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது. புதிது வாங்கி வந்தார். அதிலும் எனக்கு அதே எண்தான்.

நான்கு நாள் அப்படியே. ரத்தமும் பெருகவில்லை, நிற்கவுமில்லை. இடது அடிவயிற்றில் எதுவோ இழுத்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் தோள்பட்டை வலித்தது.

"துணி தோச்சதுல புடிச்சிகினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

அன்று துணியே துவைக்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான பீரியட்ஸ் என்றால் சூடு இறங்கியிருக்க வேண்டும்; உள்ளே வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. செருப்பைப் போட்டேன்.

"வூட்டுக்குத் தூரமானதுக்கு எவளாச்சும் டாக்டராண்ட ஓடுவாளா? மானம் போவுது" என்று மாமியார் வாசலில் நின்றார். நான் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டரம்மா புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார். இரண்டு கோடு. நான்கு வருஷத்தில் முதல் முறை. ஒரு நிமிஷம் வலியெல்லாம் மறந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது.

"கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலயே தங்கியிருக்கும்மா. உள்ள ரத்தம் கசிஞ்சிகினு இருக்கு, தோள்பட்டை வலியும் அதனாலதான். வீட்டுக்காரரை நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க, இப்பவே."

அன்று மத்தியானமே இடது குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் உயிர் தாங்கியிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் கணவரிடம் சொன்னாராம். மயக்கம் தெளிந்தபோது மாமியார் என் காலருகில் உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னதைக் கேட்டுகினு வூட்லயே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். போர்வையை என் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டு, அதன்மேலேயே கையை வைத்திருந்தார்.