மதகு மேடையில் நின்ற பாட்டில்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். கொல்லிமலையில் வேலை என்றதும், "அங்க கோயில் காடெல்லாம் இருக்குதுங்க, பாத்து நடந்துக்கங்க" என்று என் மனைவி சொன்னதற்கே ஒரு நாள் முழுக்க அவளைக் கேலி செய்தவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கொல்லிமலையில் சில ஊர்களைச் சேர்த்து நாடு என்பார்கள், அப்படிக் குண்டூர் நாட்டில் ஒரு சிறு அணை. அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு மண்கரை, ஒரு மதகு, அவ்வளவுதான். அதைக் காவல் காப்பதும் ஷட்டரைத் திறந்து மூடுவதும் என் வேலை. கரைக்குக் கீழே ஆறு வீடுகள், அதில் முதல் வீடு பழனியம்மாக்காவுடையது. எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்த வீரன் அவருடைய கணவர். நான் வருவதற்கு மூன்று மாதம் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார், அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில் அணை நிரம்பி நின்ற சமயம். ஒரு நாள் காலை மதகு மேடையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. உள்ளே முக்கால்வாசி தண்ணீர், மூடிக்குப் பதிலாக ஒரு துண்டு மரவள்ளிக் குச்சியைச் சீவிச் செருகியிருந்தது. அருவி பார்க்க வந்த கும்பல் குடித்துவிட்டுச் செய்த வேலை என்று எனக்கு வந்ததே கோபம், எடுத்துக் கரைக்குக் கீழே இருந்த உண்ணிச்செடிப் புதரில் வீசினேன். மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று, அதையும் வீசினேன். பிறகுதான் உறைத்தது, மேடைக்குப் போகிற சின்னப் பாலத்தில் கம்பிக் கதவு இருக்கிறது, அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

மூன்றாம் நாள் வெளிச்சம் வந்ததும் அந்தக் கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன், எவன் வருகிறான் பார்த்துவிடலாம் என்று. மேடை காலியாக இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஒரு பனிமூட்டம் வந்து மூடியது, மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடம் இருக்கும், விலகியது. பாட்டில் நின்றது. கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது. கதவைத் திறந்து போய்ப் பார்த்தால், உள்ளே தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, குச்சியின் வெட்டில் பால் காயவில்லை. வீசக் கை வரவில்லை. கொண்டுவந்து பாலத்து முனையில் கரைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அடியில் விரற்கடை அளவு செம்மண் தங்கிவிட்டது.

அப்போதுதான் பழனியம்மாக்கா பஸ்ஸை விட்டு இறங்கிக் கையில் பையோடு கரைமேல் வந்தார். மகள் பிரசவத்துக்காகச் சேந்தமங்கலத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறார்.

"ஏனுங்க தம்பி, இதை யாரு புடிச்சு வெச்சது?"

"அதைத்தான்க்கா நானும் தேடுறேன். உங்க ஊரு ஆளுங்க யாராவது விளையாடுறாங்களா?"

அவர் பாட்டிலைத் தொடவில்லை. "எங்க ஊட்டுக்காரரு மழைக்காலத்துல தினமும் கரைக்குக் கீழ கசியற தண்ணியப் புடிச்சு இப்படித்தானுங்க வெப்பாரு. தெளிவா இருந்தா பயமில்லையாம். அடியில மண்ணு தங்குச்சுன்னா கரை வயித்துல இருந்து மண்ணு போகுதாம். அப்ப நிக்காம ஓடோணும்பாரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் கசிவைப் போய்ப் பார்த்ததே இல்லை. தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவதோடு என் காவல் முடிந்துவிடும். அரிவாளை எடுத்துக்கொண்டு இருவரும் கீழே ஓடினோம், புதரை வெட்டி விலக்கினோம். முஷ்டி நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் வீசிய இரண்டு பாட்டில்களும் அந்தத் துளைக்கு இரண்டு பக்கமும் இருந்தன. கிடக்கவில்லை சார், நிமிர்ந்து நின்றன.

அக்கா தன் வீட்டுக்குள்கூடப் போகாமல் மற்ற ஐந்து வீட்டுக் கதவுகளையும் தட்டி, குழந்தை குட்டி, ஆடு மாடு எல்லாவற்றையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். நான் ஷட்டரைத் திறந்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவுக்கு ஓடி இன்ஜினியருக்கு போன் போட்டேன். மத்தியானத்துக்குள் லாரியோடு வந்துவிட்டார்.

"ஓட்டைய அடைக்காதீங்க. தண்ணி வரட்டும், மண்ணுதான் வரக்கூடாது" என்று சுற்றிலும் மூட்டை அடுக்கி, நடுவில் மணலும் ஜல்லியும் கொட்டவைத்தார். பொழுது சாய்வதற்குள் கசிவு தெளிந்தது, எனக்கு உயிர் வந்தது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா கரையே இருந்திருக்காது. எப்படிய்யா கண்டுபுடிச்ச?" என்றார்.

"பாட்டிலைப் பாத்துத்தான் சார்" என்றேன். நல்ல முறை என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் வேறென்ன சொல்ல முடியும்?

கோடையில் கரையைத் தோண்டி முறையாகச் சரிசெய்தார்கள். ஆனால் பாட்டில் வருவது நிற்கவில்லை. தினமும் காலையில் மேடையில் ஒன்று இருக்கும், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரோடு. எனக்கும் பழகிவிட்டது, அதைப் பார்த்தால்தான் அன்றைக்கு டீ இறங்கும்.

போன தை மாதம் பழனியம்மாக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். மறுநாள் மேடை காலி. அதற்கடுத்த நாளும் காலி. மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன்.

"தம்பி, இங்க மாடியில தண்ணித் தொட்டி மேல ஒரு பாட்டில் நிக்குதுங்க. குச்சி செருகியிருக்குது."

"தெளிவா இருக்குதாக்கா?"

"தெளிவாத்தான் இருக்குது சாமி" என்றார், குரலில் ஒரு நிம்மதி.

இத்தனை நாளும் அந்த மனுஷன் காத்தது அணையையா, இல்லை அந்த ஒரு வீட்டையா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது நானேதான் தினமும் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, தெளிகிறவரை உட்காராமல் நிற்கிறேன். கீழே இன்னும் ஐந்து வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.