ஒன்பதாவது குழி

அண்ணாச்சி இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம். ஒன்பதாவது குழியை இனி யார் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வித்துராவுக்கு வந்த உங்களுக்கு அந்த இடம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மனம் சோர்ந்த மாணவர்களை அங்கே காட்டோரம் அழைத்துப்போய் மரம் நட வைப்போம். நான் கல்லூரியின் மனநல ஆலோசகர். அண்ணாச்சி தோட்டக்காரர், திருநெல்வேலிக்காரர். ஒவ்வொரு கன்றிலும் நட்டவர் பெயரைக் கட்டச் சொன்னது நான். பெரிய யோசனை என்று நினைப்பு! "பேரு கட்டாதீங்க டீச்சர். செடின்னா நாலு பட்டுத்தான் போகும்" என்றார். நான் கேட்டால்தானே?

ஒன்பதாவது குழி மீனுவுடையது. ஒருமுறை சாக முயன்று பிழைத்து, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மலையாளப் பெண். நாவல் கன்றை நட்டுவிட்டு, "இது பிழைச்சா நானும் பிழைப்பேன், அல்லே டீச்சர்?" என்று சிரித்தாள்.

அந்தக் கன்று சாகவில்லை. வளரவும் இல்லை. அக்கம்பக்கத்துக் கன்றுகள் இடுப்புக்கு வந்துவிட்டன; இது மழையிலும் வெயிலிலும் அதே ஒரு முழ உயரத்தில் நின்றது. ஒரு வாரம் ஆறு இலை, அடுத்த வாரம் ஒன்பது. இடப்பக்கம் சாய்ந்திருந்தது திடீரென்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே பறவைச் சத்தமே இல்லை என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள். சும்மா இருங்கள் என்று அதட்டிவிட்டு நானும் காது கொடுத்துப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். பையில் நாவல் கன்று.

"அந்தக் குழியில எதுவும் நிக்க மாட்டேங்குது டீச்சர். மண்ணை மாத்தியாச்சு, உரம் போட்டாச்சு. பத்தே நாள்ல கருகிருது. அந்தப் புள்ள கண்ணுல படக்கூடாதுல்லா?"

"இது ஏமாத்து வேலையில்லையா அண்ணாச்சி?"

"ஏமாத்துதான். அதுக்கு இப்போ என்ன?"

ஏன் கருகுகிறது என்று கேட்டேன். "சில எடம் அப்படித்தான். காரணம் தேடிக்கிட்டு இருந்தா யாரு தண்ணி ஊத்துறது?" என்று பஸ் ஏறிவிட்டார்.

அவர் இறந்த வாரத்துச் சனிக்கிழமை நானே ஒரு கன்றை வாங்கிக்கொண்டு வித்துரா போனேன். குழியில் புதுக் கன்று நின்றது. அதே ஒரு முழம். சுற்றிலும் மண் ஈரமாக இருந்தது. கையால் அழுத்திய தடம் கலையவில்லை. அண்ணாச்சியை எரித்து நாலு நாள் ஆகியிருந்தது. என்னையறியாமல் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

ஓடைப் பக்கமிருந்து மீனு வந்தாள். கையில் வாளி, முழங்கை வரை சேறு.

"எனக்கு முதல்லேயே தெரியும் டீச்சர். இலையை எண்ணத் தெரியாதா எனக்கு? அந்த மனுஷர் எனக்காக ஓரோ தடவையும் பஸ் பிடிச்சு வந்து மாத்தி வெச்சார். அவர் வர்ற வரைக்கும் நானும் இருக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு நானே வெச்சேன்."

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "இதுவும் பட்டுப்போனா?"

"பின்னே, இது எதுக்காக்கும்?" என்று என் தோள்பையில் நான் கொண்டுவந்திருந்த கன்றைத் தொட்டாள்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமைகள்தான். அந்தக் குழியில் இன்றுவரை எதுவும் பிழைக்கவில்லை. மீனு கல்லூரிக்கு வருகிறாள்.