சித்திரைக்குக் காத்திருந்த லேபிள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இடைசெவலில் பிறந்தவர், பதினேழு வயதில் அப்பாவை இழந்து, கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியே எங்களை ஆளாக்கியவர். அதெல்லாம் நீங்கள் அறிந்ததே. நான் இன்றும் வியந்து மாளாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்தார்கள். ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு ஊர் ஓரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது.

"ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரன்ட்ட கேக்க வேண்டியிருக்கு. வாங்கிப் போட்டுருவோம்" என்றார் அத்தான். எனக்கும் அதே ஆசைதான்.

அக்கா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டை விற்பவரிடம், "அண்ணாச்சி, மொதல்ல வாடகைக்குத் தாங்க. சித்திரை கழியட்டும், பெறகு வாங்குதோம்" என்றார்.

"நல்லாயிருக்கே! வாங்க வந்தவிய வாடகைக்குக் கேக்குதீங்க!" என்று சிரித்தாலும் அவர் சம்மதித்தார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

குடிபோன அன்றே, சுவரில் மெல்லிசாகத் தெரிந்த கோடுகளின் குறுக்கே மைதாப் பசை தடவித் தீப்பெட்டி லேபிள்களை ஒட்டினார். "இது வீடா, பெட்டிக்கடையா?" என்று கேலி செய்தேன்.

"ஏலே, மழைக்குக் கரிசல் உப்பிக்கிடும், விரிசலெல்லாம் மூடிக்கிடும். வெயில்ல மண்ணு சுருங்கும்போதுல்லா செவரோட லட்சணம் தெரியும்!"

சித்திரையில் ஒரு லேபிள்கூட முழுசாக இல்லை. அடுப்படிச் சுவரில் என் விரலே உள்ளே போயிற்று. அம்மாடி! அப்போது அக்காவுக்கு வயது இருபத்து நாலுதான். சாமான்களைக் கட்டிக்கொண்டு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனார். அங்கேயும் லேபிள் ஒட்டினார். அடுத்த கோடையில் அந்தச் சுவர் அசையவில்லை. அதைத்தான் வாங்கினார்கள். அந்த வீட்டில்தான் அக்கா கண்மூடினார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, நாங்கள் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்தது. வாங்குவதா வேண்டாமா என்று எனக்கும் என் மனைவிக்கும் தினமும் வாக்குவாதம். நோயில் இளைத்துப்போன அக்கா ஆட்டோ பிடித்து வந்து, எங்கள் சுவரில் ஒரு லேபிளை ஒட்டினார்.

"அவசரப்படாதலே. சித்திரையில வந்து பாக்கேன்" என்றார்.

மாசியிலேயே போய்விட்டார். சித்திரை வந்தது, கழிந்தது. லேபிள் கிழியவில்லை. வீட்டை வாங்கிவிட்டோம், அக்கா.

கடைசி நாள் வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அக்காவோடு லேபிள் ஒட்டிய தோழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், அந்த லேபிள் இருந்த இடத்தை மட்டும், காரணம் கேட்காமல், தொடாமல் விட்டுப் போனார். அவருக்கும் நன்றி.