மைனஸ் ஒரு கோல்

ஃபுட்பால் மேட்சில் ஒரு அணியின் ஸ்கோரை மைனஸ் ஒன்று என்று எழுதவைத்த பி.டி. வாத்தியார், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். இரண்டாயிரங்களில், சிவகாசிப் பக்கம் வேலை பார்த்தபோது நடந்தது இது. பள்ளிகளுக்கான லீக்கில் ஒழுங்கு விதிகளுக்குப் பொறுப்பும் நான்தான், இறுதிப் போட்டிக்கு ரெஃப்ரியும் நான்தான்.

ரெஃப்ரியிடம் வாயாடக்கூடாது, மேட்ச் முடிந்ததும் கை கொடுக்க வேண்டும் என்று எல்லா ஊரிலும் உள்ள விதிகள்தான். எங்கள் ஊருக்கென்று ஒன்று கூடுதல்: எந்த அணியின் ஆட்கள் மைதானத்தில் வெடி போட்டாலும் அந்த அணிக்கு ஒரு கோல் குறையும். எங்கள் பக்கம் காதுகுத்துக்கே சரவெடிதான். முந்தைய வருடம் ஒரு கோல்கீப்பரின் சட்டையில் பொறி விழுந்து ஓட்டையானதால் வந்த விதி.

அன்று திருத்தங்கல் பையன்களும் தாயில்பட்டிப் பையன்களும் மோதினார்கள். திருத்தங்கல் அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்த பட்டாசு முதலாளி முன்வரிசையில் இருந்தார். விதியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கம்பெனி ஃபோர்மேன் பெருமாள்சாமியை ஐயாயிரம் வாலாவோடு கோட்டோரம் நிறுத்தியிருந்தார். பெருமாள்சாமி ஃபுட்பால் பார்த்ததே இல்லை. தெற்குக் கம்பத்தில் பந்து விழுந்தால் பற்ற வைக்கச் சொல்லியிருந்தார்கள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்று யாரும் சொல்லவில்லை.

பக்கம் மாறிய பிறகு தாயில்பட்டி ஒரு கோல் போட்டது. தெற்குக் கம்பத்தில்தான். பெருமாள்சாமி பற்ற வைத்துவிட்டார். கோல் போட்ட பையன் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து நாலு பக்கமும் கும்பிட்டான். புகையில் பந்தும் தெரியவில்லை, பையன்களும் தெரியவில்லை. விசில் ஊதி நிறுத்தினேன்.

வழக்கு ஆரம்பித்தது. தாயில்பட்டி கோலுக்கு வெடித்ததால் அவர் தாயில்பட்டி ஆள், அவர்கள் கோலைக் கழிக்க வேண்டும் என்றார் திருத்தங்கல் கோச். சம்பளம் கொடுப்பவர் முன்வரிசையில் இருக்கிறாரே என்றார் தாயில்பட்டி கோச். நான் பெருமாள்சாமியையே கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க எந்த டீம் ஆளு?”

அவர் முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

“நான் தெக்குப் பக்கத்து ஆளுங்கய்யா.”

அப்போது திருத்தங்கல் கேப்டன் கருப்பசாமி வந்தான். “சார், அவரு எங்க ஆளுதான். எங்கள வேன்ல கூட்டிட்டு வந்ததே அவருதான். கோலக் கொறைச்சுக்கோங்க.”

“ஏலே, ஒன்னைய யாருலே கேட்டா?” என்றார் முதலாளி. அவன் திரும்பவில்லை.

அவர்கள் ஒரு கோலும் போட்டிருக்கவில்லை. ஸ்கோர் எழுதிய கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு என்னைப் பார்த்தார். விதியில் குறையும் என்றுதான் இருக்கிறது, எழுதுங்கள் என்றேன்.

மிச்ச ஆட்டத்தில் அந்தப் பையன்கள் ஓடிய ஓட்டத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கோல் போட்டார்கள். ஸ்கோர் சைபருக்கு வந்தது. அதற்கு உருண்டு புரண்டு கொண்டாடினார்கள். பெருமாள்சாமி அடுத்த சரத்தை எடுப்பதைப் பார்த்த முதலாளி, பாய்ந்துபோய் அவரைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்கிறார் என்று கூட்டம் கைதட்டியது.

கோப்பை தாயில்பட்டிக்குப் போனது. முதலில் போய்க் கை கொடுத்தவன் கருப்பசாமி.

வேலைக்குப் புதிதாக வரும் பி.டி. வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்புக்கு என்ன தண்டனை என்று நாம் விதி எழுதிவிடுகிறோம். தன் தப்பு என்று தானே வந்து சொல்கிறவனுக்கு என்ன கொடுப்பது என்று எழுத மறந்துவிடுகிறோம். அதை விசில் வைத்திருப்பவன்தான் அந்த இடத்திலேயே யோசிக்க வேண்டும். அன்று நான் கருப்பசாமி தோளில் கை போட்டு, உன்னை மாதிரி ஒரு கேப்டனைப் பார்த்ததில்லை என்றேன்.

அவனுக்கு வேறு கவலை.

“சார், அடுத்த வருசம் எங்களுக்கு சைபர்ல இருந்துதான ஆரம்பிப்பீக?”