மண்ணுக்குக் கொடுத்த பேதி மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். பார்மசி டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அரை மணி நேரம் கூட்டம் இல்லையென்றால் அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எடுத்து அடியிலிருந்து நுனிவரை படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா கடைக்கே வந்துவிட்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. முதலியார்பேட்டைக்குத் தெற்கே அவள் பெயரில் கொஞ்சம் நஞ்சை இருந்தது, அம்மா விட்டுப்போனது. மாமா வேலை பார்த்த மில்லில் லே-ஆஃப் விட்ட பிறகு அந்த நிலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. இப்போது இரண்டு போகமாக நாற்று நட்டால் நுனி கருகுகிறது, திட்டுத் திட்டாகப் பயிர் உட்கார்ந்துவிடுகிறது.

"மண்ணு செத்துப் போச்சாம். செங்க சூளைக்காரரு ஞாயித்துக்கெழம முன்பணம் தர வர்றாரு. குடுத்துடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு உங்க மாமா" என்றாள். "சூளைக்காரன் கைக்குப் போனா மேமண்ண வெட்டி எடுத்துடுவான். அப்புறம் பள்ளந்தாண்டி மிஞ்சும். அம்மா நெலம்டி அது."

விவசாய ஆபீசில் மண்ணைக் கொடுத்தால் பதில் வர ஒரு மாதம் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, வாரம் தவறாமல் வரும் சொல்தா தாத்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், பென்ஷன்காரர், மலச்சிக்கல்காரர். வழக்கமான பேதி மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இதுல அப்படி என்னாம்மா போடறான்?" என்று கேட்டார். படித்துச் சொல்லலாமே என்று அட்டையைத் திருப்பினேன். ஃபீனால்ஃப்தலீன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலேஜ் லேபில் மேசைக்கு மேசை வைத்திருப்பார்களே, அதே சரக்கு! காரத்தில் பட்டால் ரோஜா நிறமாகும், மற்றதில் நிறமே வராது. இரண்டு வருஷம் அதைச் சொட்டு விட்டிருக்கிறேன், இரண்டு வருஷம் இதை விற்றிருக்கிறேன், இரண்டும் ஒன்று என்று மண்டையில் ஏறவே இல்லை. அக்காவின் மண்ணில் காரம் இருந்தால் இது காட்டிக் கொடுத்துவிடும். காரம்தான் கோளாறு என்றால் அதற்கு மருந்து உண்டு, ஜிப்சம். மண் சாகவில்லை, நோயில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

சொல்தா தாத்தா படி இறங்கும் முன்பே பத்து மாத்திரையைக் கல்வத்தில் போட்டு இடித்துவிட்டேன். ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சில் வடிகட்டினேன். கடை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் குபீரென்று சிவந்தது. நான் போட்ட கூச்சலில் முதலாளி பாய் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பேதி மாத்திரைய மண்ணுக்குக் குடுக்கப் போறியா? ஏன், மண்ணுக்கு மலச்சிக்கலா?"

சிரித்தார், ஆனால் காலியான காது மருந்து பாட்டில் ஒன்றைச் சொட்டுக் குழாயோடு அவரே கழுவிக் கொடுத்தார்.

ஞாயிறு விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். மாமா அப்போதே வேலையில் இருந்தார். மில்லில் நூல் வேகவைக்கும் பிரிவில் இருபது வருஷம் நின்றவர். லே-ஆஃப் விட்டதும் பம்ப்செட் கொட்டகையில் ஒரு அண்டாவைப் போட்டு, நெசவுக்காரர்களுக்குச் சலவைச் சோடாக் காரத்தில் நூல் வேகவைத்து வெளுத்துக் கொடுத்துவந்தார். என்னையும் பாட்டிலையும் பார்த்ததும் கேலி ஆரம்பமானது.

"வாங்க டாக்டரம்மா. வயலுக்கு ஊசியா, மாத்திரையா?"

"ரெண்டும் இல்ல மாமா, சொட்டு மருந்து" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினேன். அடையாளத்துக்கு நட அக்கா குச்சிகளோடு பின்னால் வந்தாள்.

முதல் சொட்டு, வயலின் கோடியில். ஈரமண்ணில் விழுந்து அப்படியே கிடந்தது, நிறமே இல்லை. பத்தடி தள்ளி இன்னொன்று, அதுவும் இல்லை. நடு வயலில் கருகின திட்டுப் பக்கம் விட்டேன். மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி, ரோஜா நிறம் வந்தது.

"அக்கா! குச்சி நடு!"

அடுத்தது இன்னும் சிவப்பு. நட்டோம். அடுத்தது அதைவிட. நான் ஓட, அவள் ஓட, சேறு முழங்கால்வரை. குச்சிகள் ஒரே கோடாகப் போயின. கோடு வாய்க்காலுக்கு ஏறியது. வாய்க்கால் கரையோரம் விட்ட சொட்டு, பீட்ரூட் நறுக்கின பலகைபோல் சிவந்தது. குனிந்தபடியே சொட்டு விட்டுக்கொண்டே போன நான் எதிரே இரண்டு பாதங்களைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். மாமா. அவருக்குப் பின்னால் கொட்டகை, அண்டா, அண்டாவின் அடியிலிருந்து வாய்க்காலுக்கு மண்வெட்டியால் இழுத்துவிட்ட சின்னக் கால்வாய்.

மில்லில் நூல் வெந்த தண்ணீர் சாக்கடையில் போகும், எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இங்கே சாக்கடை இல்லை. தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதைப் பயிருக்கே திருப்பிவிட்டிருந்தார். சிக்கனக்காரர்.

"இன்னாடி வித்த இது? சாயத்த ஊத்திட்டு எம்மேல பழி போடறியா?" மாமாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஊத்து பாப்போம், எங் கையில ஊத்து!"

நீட்டினார். காலையிலிருந்து சோடாவில் நூல் புரட்டிய கை. நான் ஒரு சொட்டுத்தான் விட்டேன். ரேகை ரேகையாக ஓடி உள்ளங்கை முழுக்கச் சிவந்துவிட்டது.

மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குச்சிகளின் வரிசையைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. அவளோ, திட்டுவாள் என்று நான் நினைத்தால், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் கொட்டியது. மாமா மண்வெட்டியை எடுத்து அந்தக் கால்வாயை நாலே கொத்தில் அடைத்தார்.

நிலம் தேற இரண்டு வருஷம் பிடித்தது. ஜிப்சம் போட்டார்கள், நல்ல தண்ணீர் கட்டி வடித்தார்கள். மாதம் ஒருமுறை நான் போய்ச் சொட்டு விடுவேன். நிறம் வராத இடத்தில் குச்சியைப் பிடுங்க வேண்டும், அதைச் செய்ய மாமா வேறு யாரையும் விடமாட்டார். நிறம் வராததற்காகக் கைதட்டினவர்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அதெல்லாம் பிறகு.

அன்று மண் தேறுமா தேறாதா என்று எங்களில் யாருக்கும் நிச்சயமில்லை. கால்வாயை அடைத்த மண்வெட்டியை மாமா கீழே வைப்பதற்குள் சூளைக்காரர் வரப்பில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, அக்குளில் தோல் பை. பயிரைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார், கடைசியில் மாமாவின் கையைப் பார்த்தார்.

"என்னாங்க இது, மருதாணியா?"

மாமா கையை மறைக்கவில்லை. நன்றாக விரித்தே காட்டினார்.

"ஆமாங்க. எங்கூட்டுல விசேஷம். நெலத்த விக்கல."